பாஸ் இல்லாத பல்வலி

சண்முகவடிவுக்குக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்திருந்தது. வலி இல்லை, சோறு போய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒரு நாள் வேலையை விடுவது லேசில்லை. அப்படியும் விட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், பல்லை அடைக்கத் தேதி வாங்கி வந்தாள். அந்தத் தேதிக்குள் கொரோனா வந்துவிட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் பஸ் பிடித்துப் போனாள். பல் பிரிவு வாசலிலேயே நர்ஸ் மறித்தார்.

"அடைக்கிறதெல்லாம் இப்ப இல்ல. தாங்க முடியாத வலி, வீக்கம்னா மட்டும் வாங்க."

"வீங்குறதுக்கு முந்தி பார்க்கத்தானே மிஸ் வந்தேன்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாயைத் திறந்தால் நோய் தொற்றும் என்றார்கள். அது அவளுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நாடே வீட்டுக்குள் கிடந்தபோதும், தேயிலை அத்தியாவசியம் என்று ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கொழுந்து கிள்ளும் கை அத்தியாவசியம். அதே ஆளின் வாய் மட்டும் இல்லையாம்!

மறுபடி ஊரடங்கு போட்ட சமயம், ஒரு விடியலில் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடிக் கிடந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் வலிக்குப் பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள். பஸ் ஓடவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் வாகனம் கேட்டாள்.

"பாஸ் இல்லாம எதுவும் ரோட்டுல போக ஏலாதும்மா."

அந்நேரம் தேயிலைத்தூள் மூட்டை ஏற்றிய லொறி ஃபேக்டரியிலிருந்து இறங்கி வந்தது. அதன் கண்ணாடியில் பாஸ் ஒட்டியிருந்தது. சண்முகவடிவு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி வந்து கூட நின்றாள். பிறகு மற்றப் பெண்களும்.

"தூளுக்குப் பாஸ் இருக்கு, கொழுந்து எடுத்தவளுக்கு இல்லையா? அவளை ஏத்துங்கய்யா. இல்லாட்டி இன்னைக்கு ஒருத்தியும் மலைக்கு ஏற மாட்டோம்" என்றாள் நாகலெட்சுமி.

கண்டாக்கு போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பால் போனார். திரும்பி வந்து டிரைவருக்குக் கை காட்டினார். கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியில் சீழ் பிடித்த பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாமே" என்றார் டொக்டர், நல்ல மாதிரியாகத்தான்.

சண்முகவடிவு வாயிலிருந்த பஞ்சைக் கையில் எடுத்தாள். "வந்தேன் டொக்டர். வீங்கட்டும்னு திருப்பி அனுப்புனாங்க."

அவர் புதுப் பஞ்சு எடுத்து நீட்டினார்.

பல் பிரிவு முழுதாகத் திறந்ததும் லயத்துப் பெண்கள் சிலரை அவளே கூட்டிக்கொண்டு போய் அடைக்க வைத்தாள். அவள் இன்றும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாள். "ஒரு பல்லுதானே, விடு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

"அப்ப ஒங்க வாயில இருந்து ஒண்ணக் கழட்டிக் குடுங்க பார்ப்போம்!"