லில்லி கொண்டுவந்த தீர்மானம்

லில்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளைச் சேர்த்ததே அதற்காகத்தான் என்று சின்ன காஞ்சிபுரத்தில் சொல்வார்கள். பத்து நாள் சேர்ந்தாற்போல் மட்டம் போடும் பிள்ளைகளின் வீட்டாரை என்ன செய்வது என்று போன மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தபோதும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

“பெத்தவங்களக் கொண்டாந்து ஒரு நாள் முச்சூடும் கிளாஸ்ல புள்ள பக்கத்துல ஒக்கார வையுங்க டீச்சர். அப்பத்தான் ஒறைக்கும்.”

பட்டு நெய்யும் பெரியநாயகி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “தறியை வுட்டுட்டு எப்டிம்மா வர்றது? புள்ள போவலன்னா அம்மாக்காரிக்கு எதுக்குத் தண்டனை?”

“புள்ள எங்க சுத்திக்கினு இருக்குதுன்னு தெரியாதவ இன்னாக்கா அம்மாக்காரி?” என்றாள் லில்லி. மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள்.

அந்த வாரமே தலைமையாசிரியை ஏலவார்குழலி அவளை அழைத்துப் பட்டியலைக் காட்டினார். முதல் பெயர் சிம்ரன். லில்லியின் ஒரே மகள், எட்டாம் வகுப்பு.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, மகள் எழும் முன்பே கிளம்பிவிடுகிறவள் லில்லி. பள்ளி அனுப்பிய செய்திகளெல்லாம் லாரி ஓட்டும் கணவன் கிறிஸ்டோபரின் போனுக்குப் போய்ப் படிக்காமலே கிடந்தன. சிம்ரனோ சீருடையோடு திருப்புட்குழி பஸ்ஸில் ஏறி, போவதும் வருவதுமாக இருந்திருக்கிறாள். சீருடை போட்டவளிடம் யார் டிக்கெட் கேட்கிறார்கள்? ஏன்டி போனாய் என்றால், “தெர்லமா” என்கிறாள்.

யாரைத் திட்டுவது? பிள்ளையையா, கணவனையா, தன்னையா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியநாயகி குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

லீவு சொல்லிவிட்டு, லில்லி வகுப்பில் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சின்னப் பெஞ்சில் முழங்கால் இடித்தது. கணக்குப் பாடத்தில் கொட்டாவி வந்தபோது சிம்ரன் முழங்கையால் இடித்துச் சிரித்தாள். மதியம் தக்காளிச் சோற்றை ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். இது தீபிகா, இது நான் விழுந்த இடம் என்று மகள் வாய் ஓயாமல் காட்டிக்கொண்டே இருந்தாள். அவமானத்தில் கூனிக் குறுகியிருந்த லில்லிக்கு, இவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்றே புரியவில்லை.

மணி அடித்தது. வாசலைத் தாண்டும்போது சிம்ரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, திரும்பப் பத்து நாள் மட்டம் போட்டா, மறுபடியும் உன்னக் கூப்புடுவாங்களாம்மா?”

ஊருக்கே பதில் வைத்திருந்த லில்லி, கம்பெனியில் இன்னும் எத்தனை லீவு மிச்சம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.