கேட்காமல் எடுத்த படம்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அக்காவின் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. எடுத்தவள் என் மகள். அக்காவின் தலைக்கு மேலே, சுவரில், 'வீட்டு வேலை செய்பவர்கள் மாடிப்படியை மட்டுமே பயன்படுத்தவும்' என்ற அறிவிப்பு தெளிவாகத் தெரிகிறது. அதில் கையெழுத்திட்ட குடியிருப்போர் சங்க உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அது காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தில் எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று வீடுகளுக்கு அக்கா வேலை செய்தார். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, நகருக்கு வெளியே குடியமர்த்திய பிறகும், இரண்டு பஸ் மாறி ஏழரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். என் வயதுதான். வேலைக்கு வந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது.

என் மகள் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். "லிஃப்ட்ல வாங்கக்கா, யார் கேக்கறாங்கன்னு நான் பாக்கறேன்" என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். "வோணாம் பாப்பா. மெதுவா ஏறிக்கினு போய்டறேன்" என்பார் அக்கா. ஒரு நாள் காலை அவள் அந்தப் படத்தை எடுத்து, நாலு வரி எழுதி, தன் பெயர் போடாமல் இணையத்தில் வெளியிட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. யாரோ எனக்கே அனுப்பினார்கள். மறுநாள் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். அவளுடைய நண்பர்கள் கொண்டாடினார்கள். ஒளித்து வைத்துக்கொண்டாலும் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வாரமே சங்கம் கூடியது. "அந்தம்மாதான் போஸ் குடுத்திருக்காங்க. இனிமே உள்ள விட வேண்டாம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் செயலர். படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் என் மகள் பெயர் அடிபடும். தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் மகள் இரண்டு நாள் நினைத்திருந்தாள். மூன்றாம் நாள் வாசல் காவலாளி உண்மையைச் சொல்ல, அப்படியே பஸ் ஏறி அக்காவைத் தேடிப் போனாள். இருட்டும் நேரத்தில் திரும்பினாள். சாப்பிடும்போதுதான் வாய் திறந்தாள்.

"டீ போட்டுக் குடுத்தாங்கம்மா. திட்டவே இல்ல. 'நீ எழுதுனது நெசந்தான் பாப்பா. ஆனா அது என் மூஞ்சி. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ல? என் மருமவன் பாத்துட்டு போன் பண்ணி, இன்னா அத்த இதுன்றான்'னாங்க."

படத்தை அவள் அழித்துவிட்டாளாம். ஊரார் கைப்பேசிகளில் இருப்பதை எப்படி அழிப்பது? நானே செயலரிடம் பேசுகிறேன், அக்காவைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றேன்.

"வர மாட்டாங்க. அங்கயே ஒரு கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கப் போறாங்களாம்." தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "மீட்டிங்ல நீ என்னம்மா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் அவங்களக் கேக்காமப் பேசினேன். நீ பேச வேண்டிய எடத்துல பேசல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. அவங்களுக்குத்தான் வேல போச்சு."