எட்டாவது ரவுண்டும் திக்லிபூர் கப்பலும்

எங்கள் ஊரில் கப்பல் நேரத்துக்கு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பத்து மணிக்கு வரும் என்று ரேடியோவில் சொன்னால், போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர்கள் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் ஜெட்டிப் பக்கம் போவார்கள். கடல் சரியில்லை, இன்ஜின் சரியில்லை, வழியில் யாரோ பெரிய மனிதர் ஏற வேண்டியிருந்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். கப்பல் லேட் என்று யார் சொன்னாலும் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே பெரிய பொய் அந்த இரண்டு வார்த்தைதான். அப்போது எனக்குப் பத்து வயது. செல்போன் தீவுக்கு வந்திராத காலம்.

அம்மாவின் கடைசித் தம்பி எங்கள் வீட்டில் தங்கி வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு கான்ட்ராக்டரோடு அந்தமானின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர் போய், அங்கே பள்ளிக்கூடம் கட்டும் வேலையில் ஒரு வருஷம் இருந்தார். திரும்பி வந்தபோது ஆள் இளைத்திருந்தார், பேச்சும் குறைந்திருந்தது. மலேரியாவாக இருக்கும் என்று அம்மா அவரை இழுத்துக்கொண்டு போய் இரண்டு தடவை ரத்தம் சோதித்துப் பார்த்தாள். மலேரியா இல்லை என்று வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாமாவின் சோர்வுக்கு நான் கண்டுபிடித்த மருந்து வீடியோ கேம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் சந்தில் ராமநாதபுரத்து பாய் ஒருவர் மூன்று மெஷின்கள் வைத்துக் கடை நடத்தினார். அலமாரி உயரத்துக்கு நிற்கும் பழைய மெஷின்கள். இரண்டு எப்போதும் ரிப்பேரில் இருக்கும். ஓடுகிற ஒன்றில் கறுப்புத் திரை, அதில் ஒரு முக்கோண விண்கலம், சுற்றிலும் மிதந்து வரும் பாறைகள். பாறைகளைச் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம், முடிவே கிடையாது. பத்தாயிரம் புள்ளிக்கு ஒரு லைஃப் கூடுதலாகக் கிடைக்கும். சேர்ந்த லைஃப் எல்லாம் திரையின் மேல் மூலையில் குட்டி முக்கோணங்களாக வரிசையில் நிற்கும்.

அந்த மெஷினுக்கு லட்சம் வரைதான் எண்ணத் தெரியும். அதைத் தொட்டதும் புள்ளி மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். எத்தனை முறை பூஜ்யமானது என்று பக்கத்தில் ஒருவர் எழுதி வைத்தால்தான் ரெக்கார்டு. ஒரு லட்சத்துக்கு ஒரு ரவுண்டு. ஹேடோவில் இருந்த ஒரு தெலுங்கு அண்ணன் ஏழு ரவுண்டு அடித்திருந்தார். பாய் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, யாரும் அழித்துவிடாதபடி ஒரு காலண்டரைக் குறுக்கே தொங்கவிட்டிருந்தார். மாமா ஆடினால் எழுதுவது நான். நாற்பது பக்க நோட்டு, சிவப்பு மையில் ரவுண்டு, நீல மையில் நேரம். பையன்கள் மட்டுமே வரும் அந்தக் கடையில் பாவாடை சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தவுடனே, எட்டு மணிக்கெல்லாம், மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ரெக்கார்டு அடிக்கப் போகிற நாள், அதனால்தான் இந்த அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர் ஆட வரவில்லை, காத்திருக்க வந்திருந்தார் என்பது எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. நான் மெயின்லேண்டு கப்பல் ஏறுகிறபோது வழியனுப்ப வந்தவர், பெரிய கப்பல்கள் நிற்கும் ஹேடோ வார்ஃபில் வரிசை நகராமல் நின்றதால், பொழுதுபோக்காகச் சொன்னார். திக்லிபூரில் கவர்மென்ட் வேலையில் இருந்த ஒரு தமிழ்க்காரரின் மகளோடு அவருக்குப் பழக்கம். அந்தக் குடும்பம் ரிட்டயர்மென்டுக்குப் பிறகு ஒட்டுமொத்தமாக ஊருக்குக் கிளம்புகிறது. திக்லிபூர் கப்பலில் ஃபீனிக்ஸ் பே வந்து இறங்கி, அன்று மாலையே ஹேடோவில் மெட்ராஸ் கப்பல். நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்து என் அப்பாவிடம் பெண் கேட்டால் நான் கப்பல் ஏற மாட்டேன், வரவில்லை என்றால் வீட்டில் பார்த்திருக்கும் இடத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவேன் என அந்த அக்கா மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஜெட்டிக்கு மேலே உள்ள வீடியோ கேம் கடையில் இருப்பேன் என்று மாமா பதில் போட்டிருக்கிறார்.

ஜெட்டியிலேயே நின்றிருக்கலாமே என்று கேட்டேன். சிரித்தார். என் அப்பா துறைமுகத்தில் கிளார்க். கேட்டில் நிற்கிற போர்ட்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். அரை மணி நேரம் சும்மா நின்றால், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று பத்துப் பேர் கேட்பார்கள், பதினோராவது ஆள் அப்பாவிடம் போய்ச் சொல்வான். கப்பலோ எப்போது வரும் என்று தெரியாது. ஒருவன் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றாலும் ஏன் என்று கேட்காத இடம் அந்த ஊரில் பாயின் கடை ஒன்றுதான்.

இதெல்லாம் தெரியாத நான் முதல் ரவுண்டைச் சிவப்பில் எழுதினேன். மாமா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்.

"பாப்பா, அரை மணிக்கு ஒரு தடவ கேட் வரைக்கும் போய்ப் பாரு. திக்லிபூர் கப்பல் வந்துச்சுன்னா ஓடி வந்து சொல்லணும். மறந்துறக் கூடாது."

"எதுக்கு மாமா?"

"தெரிஞ்சவங்க வர்றாங்க. போய்ப் பாத்துட்டு வரணும்."

"நீங்க போயிட்டா ஆட்டம் என்னாகும்?"

மேல் மூலையில் நின்ற குட்டி முக்கோணங்களைத் தாடையால் காட்டினார். "அதுக்குத்தான் இதச் சேத்து வைக்கிறேன். நான் இல்லேன்னாலும் ஒண்ணு ஒண்ணா செத்துக்கிட்டிருக்கும். பத்து நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள வந்துருவேன்."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று சொன்ன சமாதானம் அது. நான் அதை ஆட்டத்தின் சட்டமாகவே எடுத்துக்கொண்டு, லைஃப் எண்ணிக்கைக்கும் நோட்டில் ஒரு கட்டம் போட்டேன்.

பத்து மணிக் கப்பல் பன்னிரண்டுக்கும் வரவில்லை. மாமா நின்றபடியே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார், அதை உரித்து வாயில் கொடுத்ததும் நான்தான். ஐந்தாவது ரவுண்டுக்குள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. பெங்காலிப் பையன்கள், டாக்யார்டு ஆட்கள், சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வந்த இரண்டு டிரைவர்கள். "அரே, யே தோ பாகல் ஹை", இது ஒரு பைத்தியம் என்று ஒருவன் சொல்ல, "சுப், டிஸ்டர்ப் மத் கர்" என்று இன்னொருவன் அடக்கினான். பாய் காலண்டரை ஒதுக்கிவிட்டு, சாக்பீஸைத் தேட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டரை மணிக்கு நான் போனபோது கப்பல் வந்திருந்தது. ஏணி போட்டு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கு மூட்டைகள், கோழிக்கூடைகள், டிரங்குப் பெட்டிகள். நான் ஓடினேன். சந்தின் திருப்பத்தில் ஒரு அக்கா மூச்சு வாங்க நின்றுகொண்டு என்னிடம் தமிழில் கேட்டாள்.

"பாப்பா, இங்க வீடியோ கேம் கடை எது?"

காட்டினேன். கடை வாசலில் பிதுங்கி நின்ற ஆண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் தயங்கினாள். மாமாவின் பெயரைச் சொல்லி, உள்ளே இருக்கிறாரா என்று கேட்டாள். அவர் என் மாமாதான் என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்கு வந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் வந்திருக்கேன்னு சொல்றியா? ஜெட்டி கேட்டுப் பக்கத்துல இருக்கோம். நாலு மணிக்கு ஜீப்பு வந்துரும், ஹேடோவுக்குப் போயிருவோம். அதுக்குள்ள வரச் சொல்லு."

உள்ளே போனேன். ஏழாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஒரு டிரைவர், "ஏக் கண்டா அவுர், பஸ்" என்றார். இன்னும் ஒரு மணி நேரம்தான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அக்கா நாலு மணி வரை இருப்பாள். எட்டாவது ரவுண்டு நாலுக்குள் முடிந்துவிடும். இப்போது சொன்னால் மாமா போய்விடுவார், பேச்சு பத்து நிமிஷத்தில் முடியாது, பெரியவர்கள் பேச்சு என்றைக்கு முடிந்திருக்கிறது? ஆட்டம் போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் இரண்டும் நடக்கும். கணக்கில் நான் கெட்டி என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

"கப்பல் வந்துருச்சா பாப்பா?" மாமாவே கேட்டார்.

"இல்ல மாமா. கப்பல் லேட்."

அவர் தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை.

வெளியே வந்து அக்காவிடம், "மாமா ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னாங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "நான் வந்திருக்கேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சொன்ன பிறகும் ஆடிக்கிட்டா இருக்காரு?"

"ரெக்கார்டு அடிக்கிறாங்க அக்கா. இன்னும் ஒரு ரவுண்டுதான்."

அவள் அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ கைதட்டினார்கள். "நல்லா ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவள் வாழ்த்திவிட்டுப் போனதாகவே நான் நினைத்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான், அதை மாமாவிடம் சொல்ல முடியவில்லையே என்று வருத்தம்கூடப் பட்டேன்.

அவள் கேட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறாள். மேலே ஏறி வந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகும் வராதவனை எந்தப் பெண் கூப்பிடுவாள்? மாமாவும் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் லேட் என்றேன்.

எட்டாவது ரவுண்டு முடிந்து புள்ளி பூஜ்யமானபோது மணி நாலு பத்து. பாய் சுவரில் எழுதினார். டிரைவர்கள் மாமாவின் முதுகில் தட்டினார்கள். மாமா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் தாராளமாக, "மாமா, கப்பல் வந்துருச்சு" என்றேன்.

"எப்ப?"

"இப்பத்தான்."

மெஷினின் பிடியை விட்டுவிட்டு ஓடினார். செருப்பைப் போடவில்லை. இருபத்தாறு லைஃப் மிச்சம் இருந்தது. பத்து நிமிஷம் தாங்கும் என்று அவரே சொன்னாரே என்று நான் ஸ்டூலில் காத்திருந்தேன். முக்கோணங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பத்து மிச்சம் இருக்கும்போது பொறுக்க முடியாமல் நானே பிடியைப் பிடித்தேன். சுடும் பட்டனுக்குக் கை எட்டவில்லை. என் கையில் அவை இன்னும் வேகமாகப் போயின. கூட்டம் கலைந்துவிட்டது, பாய் மட்டும், "விடும்மா, அதான் ஜெயிச்சாச்சே" என்றார்.

மாமா ஆறு மணிக்குத்தான் வந்தார். ஃபீனிக்ஸ் பேயில் கப்பலைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். அங்கிருந்து ஹேடோ வரை ஓடியிருக்கிறார். பாஸ் இல்லாமல் உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று, கப்பல் கிளம்பும்வரை பார்த்திருக்கிறார். இதுவும் அன்று எனக்குத் தெரியாது. கால் பெருவிரலில் ரத்தம் இருந்ததை மட்டும் பார்த்தேன்.

"பாப்பா, என்னைய யாராவது வந்து கேட்டாங்களா?"

கப்பல் வந்ததைச் சொல்லாமல் விட்டதற்குத் திட்டுவார் என்று பயந்தேன். "யாரும் வரல மாமா" என்றேன்.

வார்ஃபில் நின்றபடி இந்தக் கதையை முடிக்கும்போது அவர், "அவ வேணும்னா கடையில வந்து கேட்டிருப்பா. மனசு மாறிருச்சுபோல" என்று சொன்னார். மாமாவுக்கு இப்போது கல்லூரி போகிற இரண்டு பையன்கள், அத்தையும் நல்ல மனுஷி. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. வரிசை நகர்ந்தது, பையைத் தூக்கிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்தும் நான் அதே கோழைதான்.

அன்று மாலை நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நடந்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத பாப்பா, ஒரு ஆட்டத்துக்குப் போயி யாராவது அழுவாங்களா" என்று வீடு வரும்வரை என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார். அவர் குரலும் சரியில்லாமல் இருந்தது. இருபத்தாறு லைஃப் வீணாய்ப் போனதில் அவருக்கும் வருத்தம்தான் என்று புரிந்துகொண்டு, அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, அடுத்த தடவை நீங்கள் திரும்பி வரும்வரை நான் எல்லாவற்றையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.