கொடுத்த வீட்டுக் கரண்ட்

அதாவுல்லா தன் வண்டியின் வயரை மகள் வீட்டுப் பின்சுவரில் சொருகினதுதான் தாமதம், வீடு முழுக்கக் கரண்ட் போனது. தண்ணி மோட்டர் நின்றது. குளியலறைக்குள் தலை முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்ற மருமகன் அஸ்பாக் கத்தினான்.

"மாமா! திரும்பவும் மாட்டிட்டீங்களா?"

"என்ட வண்டியில ஒண்டுமில்ல மருமகன். உங்கட ட்ரிப் சுவிச்சுத்தான் சும்மா சும்மா விழுகுது. மூத்தவள்ட ஊட்டுல மாசக்கணக்கா மாட்டியிருந்தன், ஒரு சத்தம் இல்ல."

மூத்தவள் வீடு பழசு. கரண்ட் ஒழுகினால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற ட்ரிப் சுவிச் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. அது அவர் நினைப்பில் வரவில்லை.

நம்ம பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் கொடுக்க வேணும். அதாவுல்லாவுக்கு ரெண்டும் பொம்பிளை. சாய்ந்தமருதில் இருந்த வீடு மூத்தவளுக்குப் போனது. வயலை வித்து மருதமுனையில் கட்டின வீடு இளையவள் அப்ராவுக்குப் போனது. கொடுத்த வீட்டில் மருமகன்தான் பெரிய மனிசன். குசினிப் பக்கம் ஒதுங்கிப் படுக்க அதாவுல்லாவுக்கு மனம் வரவில்லை. காலமெல்லாம் அம்புலன்ஸ் ஓட்டின ஆள். கழிச்சுப்போட்ட அம்புலன்ஸ் ஒன்று ஏலத்துக்கு வந்ததும் எடுத்துவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபேன், பெட்டரி, பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்ட் மாதிரி ஆக்குகிற இன்வேட்டர். வயரெல்லாம் தன் கையாலேயே இழுத்தார். அவரும் பெண்சாதி கமீலாவும் அதில்தான் குடியிருந்தார்கள். எந்த மகள் வளவில் நிறுத்தினாலும் ஒரு வயரை மாட்டினால் வீடுதான்.

சந்தியில் நிற்கிறவர்கள் அவரை அண்ணன் முறை வைத்து, "காக்கா, ஆரைக் கொண்டு போறீங்க?" என்று பகிடி விடுவார்கள்.

"என்ட பொண்டாட்டியையும் என்ட மானத்தையும்" என்பார்.

இப்போது அப்ராவுக்குப் பேறுகாலம் கிட்ட வந்துவிட்டது. உம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேணும். மாட்டினால் கரண்ட் போகுது, மாட்டாவிட்டால் பெட்டரி செத்துப் போகுது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அஸ்பாக், "மாமியும் நீங்களும் உள்ளுக்கு வந்து படுங்களன் மாமா. இத மாட்டாதீங்க" என்றான்.

நல்லதுக்குத்தான் சொன்னான். அதாவுல்லாவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் மருமகன் கடைக்குப் போனதும் பிளக்கைக் கழற்றினார். எர்த் வயரை வெட்டிவிட்டால் ட்ரிப் விழாது என்று கராஜில் எவனோ சொன்னது காதில் கிடந்தது. வெட்டினார். மற்ற ரெண்டு வயரையும் அவசரத்தில் இடம் மாற்றிப் பூட்டினார். சொருகினார். ட்ரிப் விழவில்லை.

பின்னேரம் கடையால் வந்த அஸ்பாக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா மருமகன்? வண்டியில ஒண்டுமில்ல."

"ஒண்டும் செய்யல்லயே மாமா?"

"என்னத்தச் செய்யிற? பிளக்கத் துடைச்சுப் போட்டன்."

கமீலாவுக்கும் அதையேதான் சொன்னார். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி ரப்பர் டயரில் நின்றது, ஏறுகிற படி பலகை, காலில் ரப்பர்ச் செருப்பு, மணலும் காய்ந்து கிடந்தது. மறுகா மழை பிடித்தது.

அசர் தொழுகை நேரம். கமீலா வளவுப் பைப்பில் கைகால் கழுவி வுழூ எடுத்துவிட்டு, தொழுகிற துணியை எடுக்க வெறுங்காலோடு வந்தாள். ஈர மணலில் நின்றபடியே வண்டிக் கதவின் கைபிடியைப் பிடித்தாள். "யா அல்..." என்ற சத்தம் பாதியில் நின்றது. வீட்டில் கரண்ட் போனது. அவள் மல்லாக்க விழுந்து கிடந்தாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்ரா ஓடி வந்தாள். "தொடாத புள்ள!" என்று அலறிக்கொண்டு போய் அதாவுல்லா பிளக்கைப் பிடுங்கினார். கமீலா கண்ணைத் திறந்தாள். ஆனால் வலது கை நடுங்கினது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாட்டில் மறித்து வைத்து, இருதயத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். கை மட்டும் இன்னும் சரியாகப் பிடிக்காது.

பாண்டிருப்பிலிருந்து வயரிங் வேலை செய்கிற குணத்தைக் கூட்டி வந்தான் அஸ்பாக். குணம் பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"எர்த் வயர ஆர் வெட்டின?"

அஸ்பாக் மாமாவின் முகத்தையே பார்த்தான்.

"நான்தான்" என்றார் அதாவுல்லா.

குணம் பிளக்கைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். "காக்கா, வண்டி பெட்டரியில ஓடக்குள்ள நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள்ள ஒண்டா இருக்கோணும். வீட்டு லைன்ல மாட்டினா அது பிரிஞ்சிரோணும். நீங்க ரெண்டையும் நிரந்தரமா முறுக்கி, வண்டிட தகர பொடியிலயே பூட்டி வச்சிருக்கீங்க. அதான் ட்ரிப் விழுந்த. வீட்டுல பிழையில்ல. மறுகா எர்த்த வெட்டி, மற்ற ரெண்டையும் மாத்திப் பூட்டினதால வண்டி பொடி முழுக்கக் கரண்ட். கமீலா ராத்தா கைபிடியப் பிடிச்ச நேரம் அந்த ட்ரிப் விழாட்டி..."

அஸ்பாக் திரும்பி உள்ளே போனான். அவன் நாலு ஏச்சு ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அதாவுல்லாவுக்குப் பட்டது.

பெட்டரியில் ஓடும்போது சேர்த்து, வீட்டுக் கரண்ட் வந்ததும் தானாகப் பிரிக்கிற சுவிச் ஒன்றை குணம் பூட்டினான். புது எர்த் வயர் இழுத்தான். மாட்டிப் பார்த்தான். ட்ரிப் விழவில்லை. டெஸ்டரை வண்டியில் வைத்து, அது எரியாததைக் காட்டிவிட்டுப் போனான்.

கமீலா பின்வாசலில் குந்தியிருந்தாள். அதாவுல்லா பைப்பைத் திறந்து காலைக் கழுவினார். வெறுங்காலோடு ஈர மணலில் நின்று கைபிடியை இறுக்கிப் பிடித்தார்.

"இஞ்ச பாரு புள்ள. ஒண்டுமில்ல."

"அண்டைக்கும் ஒண்டுமில்ல எண்டுதான் சொன்னீங்க."

"அண்டைக்குப் பொய். இண்டைக்குக் குணம் பாத்த."

"பொய்யெண்டு தெரிஞ்சுதானே என்னை அதுக்குள்ள படுக்க வச்ச?"

உள்ளே அப்ரா, "உம்மா" என்று கூப்பிட்டாள். கமீலா இடது கையைச் சுவரில் ஊன்றி எழும்பி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கைபிடியை விடாமல் அவர் நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்குள் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலால் அஸ்பாக் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு கை பிடிங்க. மாமிக்குக் கட்டில் போடோணும்."

வாசலில் கிடந்த சாக்கில் அதாவுல்லா காலை நெடுநேரம் துடைத்தார். உள்ளே போய் ஒரு பக்கத்தைத் தூக்கினார். ஒரு ஆள் படுக்கிற கட்டில்.

"எந்தப் பக்கம் மருமகன்?"

"சுவர்ப்பக்கம்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள்.