வீட்டு லொறியின் வலப்பக்கக் கண்ணாடி

என் வாப்பா சமையலறை கேட்டுக் கிடைக்காததால் லொறி கட்டியவர். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், நடந்தது அதுதான்.

கம்பளையில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியவாப்பாவும் பெரியும்மாவும் ஒரு பக்கம், வாப்பா, உம்மா, நான் ஒரு பக்கம். அடுப்பு மட்டும் ஒன்றுதான். அந்த அடுப்புக்கு முன்னால் பெரியும்மா வைத்ததே சட்டம். உம்மா தேங்காய் துருவலாம், மீன் கழுவலாம், அரிசி புடைக்கலாம். கறிக்கு உப்புப் போட மட்டும் அவளுக்கு உரிமை கிடையாது. பல வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு நாள் தனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்றாள். வாப்பா போய்த் தன் நானாவான பெரியவாப்பாவிடம் கேட்டார்.

"நான் மவுத்தாகிற வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு அடுப்பு எரியாது" என்றார் பெரியவாப்பா.

"அப்ப வேற எங்கயாவது எரியட்டும்" என்று வாப்பா சொல்லிவிட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரே தன் வாயிலிருந்து அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், சொன்ன பிறகு அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

வாப்பாவுக்குப் புடைவை வியாபாரம். புசல்லாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் துணி மூட்டையோடு போய் வருவார். அங்கே ஒரு தோட்டத்தில் கழித்துப்போட்ட பெரிய லொறி ஒன்றை வாங்கி வந்தார். பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு தச்சரை, எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிறவரை, கூட்டி வந்து அதன் முதுகில் ஒரு மர வீட்டைக் கட்டுவித்தார். உள்ளே துணி அடுக்கத் தட்டுகள், படுக்கப் பலகை, திரை போட்ட ஜன்னல். பின்பக்கத்தில் தகரம் அடித்த ஒரு மூலை. அதுதான் உம்மாவின் அடுப்படி. தோட்டம் தோட்டமாகப் போய் வியாபாரம் செய்வது, போன இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பது என்பது ஏற்பாடு. ஊர்க்காரர்கள் அதற்கு நூஹ் நபியின் கப்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. உலகத்திலேயே பெரிய சந்தோஷம் எங்கள் வாசலில் நாலு சக்கரத்தோடு வந்து நிற்பதாகத்தான் நான் நினைத்தேன்.

ஆனால் அது புறப்படவில்லை.

காரணம் கண்ணாடி. மர வீடு லொறியின் முகத்தைவிட அகலமாக இருந்தது. சாரதி இருக்கையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் பலகைதான் தெரியும். புசல்லாவை ரோட்டில் ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் பள்ளம். பின் சக்கரம் எங்கே உருளுகிறது என்று தெரியாமல் அந்த வளைவுகளில் ஏற முடியாது. அதனால் இரும்புக் கையொன்றை வெளியே நீட்டி, அதன் முனையில் கண்ணாடி வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு.

கண்ணாடி வேண்டும் என்றதும் உம்மா தன் அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். கல்யாணத்துக்கு அவளுடைய வீட்டார் கொடுத்த அலுமாரி அது. லொறிக்குள் எப்படியும் போகாது. வாப்பா தயங்கினார். அவளே கதவைக் கழற்றிச் சேலையில் சுற்றிக் கொடுத்தாள். கண்டியில் கண்ணாடி வெட்டுகிறவரிடம் போய், ஒன்றாகப் போனது இரண்டாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் பாடு தொடங்கியது. வாப்பா சாரதி இருக்கையில் உட்காருவார். பாஸ் முறுக்காணியும் அதை முறுக்கும் சாவியுமாகக் கண்ணாடிப் பக்கத்தில் நிற்பார். நான் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தின் அருகில் நிற்க வேண்டும். பிறகு லொறிக்குப் பின்னால். பிறகு ரோட்டின் திருப்பத்தில்.

"தெரியுதா வாப்பா?"

"குடை தெரியுது, நீங்க தெரியல மகள். கொஞ்சம் அங்கால போங்க."

கண்ணாடியைக் கீழே சாய்த்தால் சக்கரம் தெரியும், ரோட்டு போய்விடும். மேலே தூக்கினால் ரோட்டு வரும், சக்கரம் போய்விடும். இரும்புக் கை குட்டையாக இருந்தால் பாதிக் கண்ணாடியைப் பலகை தின்றுவிடும். நீளமாக்கினால், எதிரே வருகிற பஸ் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம். எல்லாம் சரியாகி எஞ்சினை முடுக்கினால் கண்ணாடி நடுங்கும். "என்ட மகள் நாலு பேராத் தெரியிறா" என்று வாப்பா இறங்கிவிடுவார். பழைய டியூபை வெட்டி முறுக்காணிக்கு அடியில் கொடுத்த பிறகு நடுக்கம் அடங்கியது. இடப்பக்கக் கண்ணாடி நிலைக்கு வந்தது. வலப்பக்கம் மட்டும் வரவே இல்லை.

"இப்ப ஹரிதானே முதலாளி?" என்று பாஸ் கேட்பார். சரி என்பதைச் சிங்களத்தில் ஹரி என்றுதான் சொல்வார்.

"இன்னம் கொஞ்சம்" என்பார் வாப்பா.

நான் ஒவ்வொரு காலையும் புதுச் சட்டை போட்டுக்கொள்வேன், ஒவ்வொரு மாலையும் கழற்றுவேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். உம்மா பானை சட்டிகளைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றக் கொடுப்பாள். பயணம் இல்லை என்றதும் திரும்ப வாங்கி அவிழ்ப்பாள். ஜன்னல் சீலையை விலக்கி வாசலைப் பார்ப்பாள், உள்ளே நடப்பாள், மறுபடி பார்ப்பாள். "மழை பிடிச்சா அந்த ரோட்டுல ஏறவும் ஏலாது, இறங்கவும் ஏலாது" என்று சுவருக்குச் சொல்வாள். பெரியும்மா எதுவும் நடக்காதது போல எங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவாப்பா பள்ளிவாசலுக்குப் போகும்போதும் வரும்போதும் லொறியைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் நின்றார். குனிந்து பின் டயரைக் கையால் தடவினார். "இந்த டயர் தேஞ்சிரிக்கி, மலை ரோட்டுக்குச் சரிவராது" என்று பாஸிடம் சொன்னார். வாப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவரைப் பார்க்காமலே பெரியவாப்பா உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வாப்பா ரொம்ப நேரம் அந்த டயரின் பக்கத்திலேயே குந்தியிருந்தார். மறுநாள் கண்டிக்குப் போய் வேறு டயர் வாங்கி வந்தார். அதை மாட்டிய பிறகும் நாங்கள் புறப்படவில்லை. வலப்பக்கக் கண்ணாடி இன்னும் சரியில்லையாம்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம், வாப்பா தூங்கும் நேரத்தில், நான் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அப்படி அந்தக் கண்ணாடியில் என்னதான் குறை என்று பார்த்தேன். அதில் சக்கரமும் இல்லை, ரோட்டும் இல்லை. எங்கள் வீட்டு முன்வாசல் படியோடும் கதவோடும் அப்படியே நிறைந்திருந்தது. பெரியவாப்பாவின் சாய்வுக் கதிரைகூடத் தெரிந்தது.

ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். "உம்மா, அந்தக் கண்ணாடியில நம்மட வாசல்தான் தெரியுது. ரோட்டு கொஞ்சமும் தெரியல."

பாஸ் செய்த பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. உம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். போய் ஜன்னல் சீலையை விலக்கி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

மறுநாள் சுபஹு தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனதும், கிழக்கு வெளுக்கும் நேரத்தில் என்னை எழுப்பினாள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள். பகலில் ஒருபோதும் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இருக்கையில் இரண்டு தலையணைகளைப் போட்டு, "வாப்பாட தலை உசரத்துக்கு நிமிர்ந்து இரிங்க" என்று என்னை உட்கார்த்தினாள். பாஸின் சாவியை எடுத்து முறுக்காணியைத் தளர்த்தினாள். இத்தனை நாளும் ஜன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"சக்கரம் தெரியுதா?"

"தெரியுது."

"ரோட்டு?"

"அதுவும் தெரியுது. திருப்பம் வரைக்கும்."

"வாசல்?"

"இல்ல உம்மா."

"வடிவாப் பாருங்க. வாசல் கொஞ்சமும் தெரியலையா?"

"கொஞ்சமும் தெரியல."

"அப்பச் சரி" என்று சாவியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். வளையல் ஒன்று நொறுங்கி விழுந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

வெயில் வந்ததும் பானை சட்டி மறுபடி லொறிக்கு ஏறியது. வாப்பா வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல வலப்பக்கம் திரும்பினார், அங்கே ரோட்டுதான் இருந்தது. கையை நீட்டிக் கண்ணாடியைத் திருப்பப் பார்த்தார். அது அசையவில்லை. கீழே கிடந்த சாவியைப் பார்த்தார், லொறிப் படியில் கிடந்த வளையல் துண்டுகளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். இருக்கைக்குப் பின்னாலிருந்த சிறிய ஜன்னல் வழியே, முகத்தைத் திருப்பாமல், "ஏறிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஏறிட்டோம். பிஸ்மி சொல்லி எடுங்க" என்றாள் உம்மா.

நான் பின்கதவின் பாதி ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றேன். லொறி உறுமிக்கொண்டு நகர்ந்தது. பாஸ் சிரித்தபடி தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். பெரியும்மா கதவு நிலையில் நின்றாள், வெளியே வரவில்லை. நாங்கள் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. லொறியில் இரண்டு மழைக்காலம் இருந்தோம், பிறகு புசல்லாவையில் கடையும் வீடுமாகக் குடியேறினோம். உம்மா தன் கையால் உப்புப் போட்டுச் சமைத்தாள். அடுத்த முறை நான் கம்பளை வீட்டுக்குப் போனது பெரியவாப்பா மவுத்தாகி அவர் ஜனாஸாவுக்கு. அன்றைக்கு வாப்பா அந்த முன்வாசலில் உட்கார்ந்து அழுததைப் போல ஒரு ஆண் அழுது நான் பார்த்ததில்லை.

நாங்கள் புறப்பட்ட அந்தக் காலையில், லொறி திருப்பத்தை நெருங்கும்போது பெரியவாப்பா வாசலுக்கு வந்தார். தலையில் தொப்பி இல்லை, காலில் செருப்பும் இல்லை. ரோட்டில் இறங்கி வேகமாக நடந்து வந்தார். கையை உயரத் தூக்கினார். உள்ளங்கை கீழே பார்த்தபடி இருக்க, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார்.

"ஆராவது நிக்கிறாங்களா மகள்?" என்று உள்ளே இருந்து உம்மா கேட்டாள்.

"பெரியவாப்பா கை காட்டுறாங்க."

உம்மா எட்டிப் பார்க்கவில்லை. சட்டிகள் உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் காட்டுங்க" என்றாள்.

நானும் காட்டினேன். திருப்பத்தில் அவர் மறையும் வரை, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, சிரித்துக்கொண்டே ஆட்டினேன். வழியனுப்புகிறவர் விரல்களைத் தன் பக்கமாக மடக்கமாட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது.