உத்தர வீதி வீட்டில் சாப்பிட்ட சொஜ்ஜி

இன்று காலை வாட்ஸ்அப்பில் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் படங்கள் வந்தன. சுற்றிக் காட்ட இப்போது ஆட்களெல்லாம் இருக்கிறார்களாம்.

அறுபதுகளில் எங்களுக்குக் கொலுதான் வழி. நவராத்திரியில் முன்பின் தெரியாத வீட்டுக்குள்ளும் கூசாமல் நுழையலாம். அம்மாவுக்குப் பொம்மைகள் பார்க்க வேண்டும், அண்ணாவுக்குத் தூண்கள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம்.

அன்று விஜயதசமி. உத்தர வீதியில் பெரிய கோலம் போட்ட ஒரு வாசலில் ஏறினோம். ஒரு மாமா ஓடி வந்தார்.

"வாங்கோ, வாங்கோ! உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கோம்."

கொலு பார்க்க வந்தவர்களுக்கு இத்தனை உபசாரமா என்று உருகிப்போனோம். முற்றம், கிணற்றடி, மாடி எல்லாம் காட்டினார். அண்ணா ஒவ்வொரு தூணையும் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு சொஜ்ஜி, பஜ்ஜி வந்தன. வெளுத்துக் கட்டினோம்.

பட்டுப்புடவையில் ஒரு பெண் வந்து நமஸ்காரம் பண்ணியபோதுதான் அம்மாவுக்கு விளங்கியது.

"ஐயையோ மாமா, நாங்க கொலு பார்க்க வந்தவா!"

மாமா வாசலை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமலே சிரித்தாள். அண்ணா அதற்கப்புறம் தூண் பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் கிளம்பியதும் அசல் மாப்பிள்ளை வீட்டார் வந்து, வீடு ரொம்பப் பழசு என்று முகம் சுளித்தார்களாம்.

தை மாதம் அண்ணாவுக்கும் அவளுக்கும் கல்யாணம். இன்று படங்களை அனுப்பியது மன்னிதான்.

அந்த அசல் மாப்பிள்ளை வீட்டார் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்கள் பங்கு சொஜ்ஜி பிரமாதம்.