ஒன்றரை மடங்கு மாரிச்சாமி

பேண்டேஜ் துணியை நீராவியில் வைத்துக் கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற கனத்த இரும்புக் கலன் வேண்டும். அதைச் செய்யும் இராஜபாளையத்துப் பட்டறை ஒன்றில் மாரிச்சாமிக்கு டெஸ்டிங் வேலை. கலனுக்குள் தண்ணீரை முட்ட நிரப்பி, நாளைக்கு அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கவில்லை என்றால் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டு, சாக்பீஸால் 'ஓகே' எழுதுவார். அதுவரை முதலாளியே வந்து நின்றாலும் கலன் நகராது.

இதைப் பட்டறையோடு நிறுத்தியிருந்தால் நாமும் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்குப் புது நாற்காலி வாங்கினால், மனைவி பொன்மணி அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து காட்ட வேண்டும். மகள் சிவரஞ்சனிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனிடம், "கோவம் வந்தா எம்புட்டு நேரம் தாங்குவீக?" என்று கேட்டவர். பையன் சிரித்துவிட்டான். அதனால்தான் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணம் சித்திரையில், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில். அங்கே போர்வெல் வற்றிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் பந்தி நின்றுபோனால் சம்பந்தி வீட்டார் முகத்தில் ஆயுசுக்கும் விழிக்க முடியாது என்று மாரிச்சாமி உண்மையாகவே பயந்தார். பட்டறையில் புதிதாகச் செய்யும் மடக்குத் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். ரப்பர் பூசிய தடித்த துணி. சுருட்டி ஜீப்பில் போட்டு செண்பகத்தோப்புக் காட்டுக்கே கொண்டுபோகலாம். நிரப்பினால் பெரிய தலையணையாக உப்பி நிற்கும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சாகுல் ஹமீதின் தண்ணீர் லாரி மண்டபத்துக்கு வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. மாரிச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. இதில் அழுத்தம் ஏற்ற முடியாது என்பதால் ஆளை ஏற்றினார். உடம்பு கனத்த சம்பந்தி பாண்டிதுரையையே கைபிடித்து மேலே உட்கார வைத்தார்.

"என்ன சம்பந்தி, இது மரியாதையா சோதனையா?" என்றார் பாண்டிதுரை.

"ரெண்டுந்தான். செத்த நேரம் ஆடாம இருங்க."

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சம்பந்தியை இறக்கிவிட்டு, வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்து, 'ஓகே' எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

விடிந்ததும் சமையல்காரர் வந்து கூப்பிட்டார். தொட்டி, காயப்போட்ட ஜமுக்காளம் மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. பக்கத்துத் தென்னை மரங்களுக்கு நல்ல யோகம். தொட்டியின் அடி வால்வு முழுசாகத் திறந்திருந்தது. டெஸ்ட் முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டே பழகிய கை, நேற்றும் திறந்துவிட்டது. மாரிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

"ஒங்கள யாரு வரச் சொன்னா?" என்று ஓடினார்.

"பொன்மணி அக்காதான்," என்றார் சாகுல் ஹமீது. "'அவிய டெஸ்ட் பண்ணிட்டுத் தெறந்து விட்டாலும் விட்டுருவாக, காலையில இன்னொரு லோடோட வந்துருங்க'ன்னு நேத்தே சொல்லிட்டாக."

மாரிச்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் ஒங்கள டெஸ்ட் பண்ணிட்டுத்தான இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, பொன்மணி வால்வை மூடிப் பூக்கட்டும் நாரால் இறுக்கிக் கட்டினாள்.

தொட்டி மறுபடி உப்பியது. பல்குச்சியோடு வந்த பாண்டிதுரை வேட்டியை மடித்துக் கட்டினார். "என்ன சம்பந்தி, ஏறி உக்காரவா?"

"வேண்டாம் சம்பந்தி. பொன்மணி பாத்துட்டா," என்ற மாரிச்சாமி, சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.